ஷவர் கைப்பிடிக்குள் ஒரு விரல்

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகள் ஷவர் பைப்பில் மாட்டிக்கொண்டாள்.

சிரிக்காதீர்கள். கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சிரித்தார்கள்தான். அவளுடைய விரலைக் காட்டிய பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

எங்கள் வீடு கண்டக்குழியில், கடலிலிருந்து இரண்டு வளவு தள்ளி. குளியலறையில் ஷவரைத் திறக்கிற கைப்பிடி தட்டையானது. நடுவில் நீளமாக ஒரு ஓட்டை. எதற்கு அந்த ஓட்டை? அழகுக்கு! ஆறு வயது ஸைனபுக்கு எட்டாது என்று அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருக்கிறோம். அவளைக் குளிப்பாட்டிவிட்டு, அறைக்குள் கொடியில் கிடந்த துவாயை எடுக்கப் போனேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வந்தால் ஸ்டூலில் ஏறி நிற்கிறாள். சுட்டுவிரல் அந்த ஓட்டைக்குள். அடி மூட்டு வரைக்கும்.

“உம்மா, வெளிய வருதில்ல.”

சவர்க்காரம் போட்டேன். திருப்பினேன். மெதுவாக இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன்... அவள் வீரிட்டாள். விரல் சிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. வீங்க வீங்க ஓட்டை இன்னும் இறுகியது.

அப்போதுதான் அவளுடைய கால் வழுக்கியது. நான் போட்ட அதே சவர்க்காரம்தான். ஸ்டூல் சரிந்து சுவரில் மோதியது. பாய்ந்து இடுப்பில் தூக்கிக்கொண்டேன். ஒரு நொடி பிந்தியிருந்தால் அவளுடைய முழுப் பாரமும் அந்த ஒரு விரலில் தொங்கியிருக்கும்.

நினைத்துப் பாருங்கள். பிள்ளையை விட முடியாது. விட்டால் தொங்குவாள். காலால் ஸ்டூலை இழுக்கப் பார்த்தேன், அது இன்னும் தள்ளிப் போனது. அவளுடைய வாப்பா வேலைக்குச் சிலாபம் போயிருந்தார். ஃபோன் முன் ஹோலில், மேசைமேல். முன்கதவும் குசினிக் கதவும் உள்ளே பூட்டு.

ஃபோன் அடித்தது. அவராகத்தான் இருக்கும். அடித்து, அடித்து, நின்றது. மறுபடி அடித்தது. நான் நின்ற இடத்திலிருந்து பத்து அடி தூரம் இருக்குமா?

“உம்மா, விரல் கறுக்குது.”

கறுப்பில்லை, ஊதா. ஆனால் அவள் சொன்ன மாதிரி கறுத்தே போனால்? விரலையே வெட்ட வேண்டி வருமோ? அந்த நினைப்பு வந்த பிறகு வேறு எதுவும் ஓடவில்லை.

கத்தினேன். குளியலறை ஜன்னல் உயரத்தில், கையகலம். வெளியே காற்றுக்காலம். பட்டம் கட்டிக் கடலில் சறுக்க, லொட்ஜுகளுக்கு வெள்ளைக்காரர்கள் தேடி வருகிற அதே காற்று என் சத்தத்தைக் கடல் பக்கம் கொண்டுபோனது. எத்தனை தடவை கத்தினேன் என்று தெரியாது. தொண்டை அடைத்த பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டது. பக்கத்து வளவு சுபைதா சாச்சி.

“என்ன புள்ள சத்தம்?”

“சாச்சி, ஸைனபுட விரல் பைப்புக்குள்ள சிக்கிட்டு! கதவு பூட்டிக் கிடக்கு. ஆரையாவது கூப்பிடுங்க!”

அவர் ஓடிப் போய்க் கூட்டி வந்தது ரஹீம் நானாவை. கரையில் போட் எஞ்சின் திருத்துகிறவர். தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். குசினிக் கதவின் கொண்டி இரண்டு உதையில் கழன்றது. சாச்சி முதலில் உள்ளே வந்து, தன் தோளில் கிடந்த துணியை என் தலையில் போட்டு, நனைந்த நைட்டியை மூடிவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டார். ஸைனபின் காலுக்குக் கீழே ஒரு கதிரையையும் இழுத்துப் போட்டார். என் கைகள் மரத்துப் போயிருந்தன. ஆனாலும் நான் பிள்ளையை விடவில்லை.

ரஹீம் நானா விரலை ஒரு தடவைதான் பார்த்தார். “இந்தக் கைப்பிடிய இஞ்ச வெச்சி வெட்ட ஏலா. விரலோட சேத்துக் கழட்டி எடுப்பம்.”

“தண்ணி பாயாதா நானா?”

“கைப்பிடிய மட்டுந்தான் கழட்டுறது. பயப்புடாதீங்க.”

கைப்பிடியின் தலையில் இருந்த நீல மூடியைக் கத்தி முனையால் நெம்பினார். உள்ளே ஸ்க்ரூ. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஸ்க்ரூ முழுக்க வெள்ளைப் படை, அதற்குக் கீழே துரு. எஞ்சினுக்கு அடிக்கிற எண்ணெயை அதில் விட்டார். விட்டுவிட்டு, சும்மா நின்றார்.

“திருப்புங்களேன் நானா!”

“அவசரப்பட்டா ஸ்க்ரூட தல தேஞ்சிரும். அதுக்குப் பொறகு ஒண்டுமே செய்ய ஏலா.”

அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வது? ஸைனப் அழுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

முதல் தடவை ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, அவளுடைய விரலுக்குப் பக்கத்தில் டைலைக் கீறியது. ரஹீம் நானா கையை எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். “பிஸ்மில்லாஹ்” என்று மறுபடி வைத்து அழுத்தினார். கிரீச் என்றது. கால் சுற்று... அரைச் சுற்று... ஸ்க்ரூ கழன்று விழுந்தது. கைப்பிடியோ உப்பில் இறுகி அசையவில்லை. பின்பக்கத்தில் மெல்ல மெல்லத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் மகள் என் கழுத்தைக் கடித்தாள்.

கடைசியில் ஒரு தட்டில் கைப்பிடி அவளுடைய கையோடு கழன்று வந்தது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மிச்சத்தைச் சாச்சி பார்த்தார். தன் வீட்டு மீன் பெட்டியிலிருந்து ஐஸ் கொண்டுவந்தார். கையை உயர்த்திப் பிடித்து, தேங்காயெண்ணெய் தடவி, விரல் நுனியிலிருந்து தையல் நூலை நெருக்கமாகச் சுற்றினார். வீக்கம் ஒடுங்க, கைப்பிடி நூலின் மேல் வழுக்கி வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன், விடைபெறும்போது ரஹீம் நானா கேட்டார். “இழுத்ததாலதான் இப்பிடி வீங்கினது. கனநேரம் இழுத்தீங்களா?”

“இல்ல, கொஞ்ச நேரந்தான்.”

பொய். பத்து நிமிடமாவது இழுத்திருப்பேன். அவள் வழுக்குவதற்கு முன்னால், ஃபோன் பக்கத்தில் போகக்கூடிய நேரம் அது. ஏன் அப்போதே ஆளைக் கூப்பிடவில்லை? நனைந்த நைட்டி. தலையில் துணி இல்லை. சாமான் கொட்டிக் கிடந்த குளியலறை. பைப்புக்குள் விரல் விடும்வரை பிள்ளையைப் பார்க்காத தாய் என்று நாலு பேர் சொல்வார்களே என்ற கூச்சம். மகளின் விரலைவிட எனக்கு அது பெரிதாக இருந்திருக்கிறது. பத்து நிமிடம்!

ஸைனபின் வாப்பா பின்னேரம் வந்து அதையே கேட்டார். அவரிடம் உண்மையைச் சொன்னேன். மகளின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு உங்கள் குளியலறையில் நின்று ஒரு தடவை சும்மா கத்திப் பாருங்கள்... பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறதா என்பது இருக்கட்டும், உங்களுக்குக் கூச்சப்படாமல் கத்த வருகிறதா?