வராத செய்திக்குப் பச்சை

காசிமேட்டில் எங்கள் படகுச் சங்கத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் நிரலை எழுதிக் கொடுத்தவள் நான்தான். ஆழ்கடலுக்குப் போன ஒவ்வொரு விசைப்படகும் தினமும் மதியத்துக்குள் தன் சாட்டிலைட் கருவியிலிருந்து ஒரு செய்தி அனுப்ப வேண்டும். வந்திருந்தால் சங்கத்து டிவியில் அந்தப் படகுக்குப் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் வயர்லெஸ்ஸில் சொல்லுவார்கள். பக்கத்தில் வலை விட்டிருக்கும் படகுகள் மீனை விட்டுவிட்டுத் தேடக் கிளம்பும். அது எங்கள் ஆட்களின் வழக்கம்.

நிரல் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அழகுபடுத்த உட்கார்ந்தேன். வந்த செய்திகளைப் பட்டியலாக எடுத்து வைத்த இடத்தில், கேட்டால் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் சோம்பேறி ஃபில்டர் ஒன்றைப் போட்டேன். ஆபீஸில் ஒட்டிக்கொண்ட கெட்டிக்காரத்தனம். பிறகு சோதித்தேன், செய்தி வந்த படகுகளை வைத்து மட்டும். செய்தியே வராத படகு ஒன்றை டைப் செய்ய விரல் வரவில்லை. கடலுக்குப் போனவர் திரும்பாததை எங்கள் வீட்டில் விளையாட்டுக்குக்கூட வாயில் எடுக்க மாட்டோம். அண்ணன் அப்போது கடலில் இருந்தான். பேர்தான் படித்தவள், நானும் சகுனம் பார்த்தேன்.

அண்ணி தினமும் போன் செய்தாள்.

"இன்னாம்மா, உங்கண்ணன் போட்டு இன்னா காட்டுது?"

"பச்ச கீது அண்ணி. பேஜாராவாத."

மூன்று நாள் அதையே சொன்னேன். நான்காம் நாள் கரைக்கு வரவேண்டிய படகு வரவில்லை. அதற்குப் பிறகுதான் தேடப் போனார்கள். எண்ணூருக்கு வெகு கிழக்கே ஓர் ஐஸ் பெட்டியும், அண்ணனோடு போன ஒருவரின் உடலும் கிடைத்தன. அண்ணன் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மூணு நாளும் பச்சன்னியே. கடைசியா இன்னா அனுப்ச்சாரு? அதக் காட்டு, நான் பாக்கணும்."

லேப்டாப்பைத் திறந்தேன். அந்த மூன்று நாளுக்கும் எதுவுமே இல்லை. காலி ஃபில்டர் ஒன்றை எழுதி, உண்மையா பொய்யா என்று கேட்டேன். உண்மை என்றது; உண்மை என்றால் டிவியில் பச்சை. காலிப் பட்டியலைக் கேட்டால் பொய் என்று ஒழுங்காகச் சொல்லும். ஃபில்டரோ உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. தான் ஒன்று இருப்பதாலேயே உண்மை என்றுவிடும், மூட்டையைப் பிரிக்காமலே அரிசி இருக்கிறது என்கிற கடைக்காரரைப் போல. செய்தி வராத ஒரே ஒரு படகை வைத்துச் சோதித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இன்னா அனுப்ச்சிக்கீறாரு?"

"ஒண்ணும் வர்ல அண்ணி. மூணு நாளும் வர்ல. செவப்பு காட்டிருக்கணும். என் தப்பு."

அண்ணி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்போ பக்கத்துல இருந்த போட்டுங்க தேடவே போவலியா?"

"போவல" என்றேன்.