பாதி இறக்கிய ஷட்டர்

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவைப் பிடிக்கும் என்று சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. விடிந்தால் ஹாரன், நடக்கவும் இடமில்லாமல் பைக்குகள். ஒரு காலத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போன வழி என்பார்கள். பிறகு மண்டிகள் வந்தன, துணிக்கடைகள் வந்தன, இப்போது எங்கு திரும்பினாலும் செல்போன் கடை. மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து புளி மூட்டையோடு இறங்குகிறவர்கள் மட்டும் இன்னும் இங்கேதான் டீ குடிக்கிறார்கள். நான் இந்தத் தெருவைத் திட்டாத நாள் கிடையாது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இதற்கு மானம் ரோஷம் இருந்தது. சாவு ஊர்வலம் வந்தால் எல்லாக் கடையும் ஷட்டரைப் பாதி இறக்கிவிடும். செத்தவர் யார், என்ன சாமி கும்பிட்டவர் என்று யாரும் கேட்பதில்லை. அம்மா இங்கே வளையல் கடை வைத்திருந்தாள். சாவு மேளம் கேட்டதுமே வளையல் போட்டுக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே விட்டுவிட்டு ஷட்டரை இழுப்பாள். முந்தானையைத் தலையில் போட்டு, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு வெளியே நிற்பாள். அந்தப் பெண் பாதி ஏறிய வளையலோடு உள்ளே காத்திருக்கும்.

படுக்கையில் விழுந்தபிறகு அம்மா என்னிடமும் தம்பியிடமும் ஒன்றுதான் கேட்டாள்.

"என்னிய நம்ம தெரு வழியாவே எடுத்துகினு போங்க. எல்லாருக்கும் நான் சாத்தினேன். எனக்கும் சாத்துவாங்க இல்ல?"

"சாத்துவாங்கம்மா" என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. செல்போன் கடைக்காரர்களுக்கு அம்மாவை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அம்மா போனபோது தோள் கொடுக்க ஆள் சேரவில்லை, வண்டிதான் வைத்தோம். வீட்டுச் சந்திலிருந்து தெருவுக்குள் திரும்பும் இடத்தில் டிரைவர் நிறுத்திவிட்டார். கடைகளெல்லாம் வளைவுக்கு அப்பால், அங்கிருந்து தெரியாது. தெருவைச் சமீபத்தில்தான் ஒருவழிப் பாதை ஆக்கியிருந்தார்கள்.

"எதிர்ல போவ முடியாதுங்க. கேஸ் போட்டா லைசென்ஸ் பூடும்."

கெஞ்சினேன். தம்பி டிரைவரின் சட்டையைப் பிடிக்கவே போய்விட்டான். பின்னால் லாரி ஹாரன் அடித்தது, மாதா கோயிலில் பாதிரியார் காத்திருந்தார். வண்டி புறவழிச் சாலைக்குத் திரும்பியது. அங்கே சாத்துவதற்கு ஒரு கடைகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா குலுங்கிக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அடக்கம் முடிந்து தெரு வழியாகத் தனியே நடந்து வந்தேன். தெருவே என்னவோ போலிருந்தது. பிறகுதான் பார்த்தேன். துணிக்கடை, மருந்துக்கடை, நான் வாய்க்கு வந்தபடி ஏசிய செல்போன் கடைகள், எல்லாவற்றிலும் ஷட்டர் பாதியில் நின்றது. கடைக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றிருந்தார்கள்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"இன்னாம்மா, இன்னும் எடுக்கலியா? வெளியூர்லேர்ந்து யாராவது வரணுமா? காலைலேர்ந்து அக்காவுக்காவத்தான் நின்னுகினு இருக்கோம்."

"அடக்கம் பண்ணிட்டோம்ணே. ஒன்வேன்னு வண்டிய இந்தப் பக்கம் வுடல."

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. "அப்ப அக்கா இத பாக்கவே இல்லியா?" என்றார்.

அதற்குள் அடுத்த கடைக்காரர் ஊர்வலம் எப்போது வரும் என்று கேட்டார். அவருக்கும் சொன்னேன். கடை கடையாக அதையே சொல்லிக்கொண்டு போனேன். எனக்குப் பின்னால் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.