பஸ் ஏறாமல் அம்பாசமுத்திரம் போன அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் நிறைகிறது. வெயிலையும் பஸ் கூட்டத்தையும் பார்க்காமல் திதிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிற சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம்.

என்னை எழுதச் சொன்னது மதினி. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவன். சட்டை அளவு எழுதுவது தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. ஒன்றை விட்டால் ஒருவர் வருத்தப்படுவாரோ, அதைச் சேர்த்தால் இன்னொருவர் வருத்தப்படுவாரோ என்று ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. “உள்ளத உள்ளபடி எழுதுங்க தம்பி. குடிச்சதையும் எழுதுங்க, விட்டதையும் எழுதுங்க” என்று மதினி சொல்லிவிட்டார்.

அப்படிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அண்ணன் இறந்தது ஈரல் கெட்டு. துஷ்டி கேட்க வந்தவர்களில் சிலர், போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “மறுபடி ஆரம்பிச்சிருப்பாரோ?” என்று பேசிக்கொண்டார்கள். மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் எங்கள் வீட்டு வாசலில் பேசுவது அடுப்படி வரைக்கும் கேட்கும். மதினிக்கும் கேட்டது, அவர் மகளுக்கும் கேட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மலரை அச்சடிப்பதில் அர்த்தமில்லை.

அண்ணன் பிறந்தது சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊரில். அப்பா அரிசி ஆலையில் எஞ்சின் ஓட்டினார். அப்பா காலமானபோது அண்ணன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. அதை முடித்ததும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்துவிட்டார். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாபநாசம் போகிற வண்டி. அம்மாவையும் என்னையும் வண்ணார்பேட்டைக்குக் கூட்டிவந்து குடிவைத்தவர் அவர்தான். எனக்குக் கடை வைத்துத் தந்ததும் அவர்தான்.

கண்டக்டர் வேலையில் அண்ணனுக்கு நல்ல பெயர் இருந்தது. வீரவநல்லூரில் இறங்க வேண்டியவர் தூங்கிப்போனால் பத்தமடை தாண்டும்போதே தோளைத் தட்டி, “எய்யா, இன்னும் ரெண்டு ஊருதான், முழிச்சுக்கிடும்” என்பார். பத்தமடைப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறுகிற பெண்களிடம் பாய்க்கு லக்கேஜ் கேட்க மாட்டார். அந்தத் தடத்தில் அவரைத் தெரியாத ஆளே கிடையாது.

ஆளைத் தெரிந்தவர்கள் அதிகமாக இருந்ததே பின்னால் கெடுதலாகவும் ஆனது. கடைசி டிரிப் முடிந்து வண்டி பாபநாசத்தில் நிற்கும். நாளெல்லாம் நின்றுகொண்டே வந்த கால்வலிக்கு என்று தொடங்கியதுதான் குடி. ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் ஒரு பிராந்திக்கடை. ஒவ்வொரு கடையிலும், “அண்ணாச்சி, வாரும்வே” என்று கூப்பிட ஒரு ஆள். ராத்திரிப் பழக்கம் மத்தியானத்துக்கு வந்தது. அப்புறம் காலையிலும் வந்தது. ஒருநாள் கல்லிடைக்குறிச்சியில் ஒரு பெண் கூடையை ஏற்றிவிட்டு, ஒரு காலைப் படியில் வைத்திருக்கும்போதே அண்ணன் விசில் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. முதலாளி அன்று சாயங்காலமே விசிலையும் பையையும் வாங்கிக்கொண்டார். அண்ணன் வீட்டுக்கு வந்தார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு வருஷத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அம்மா அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார். மதினி மகளைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் இருக்கிற பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் ரத்தமாக வாந்தியெடுத்தபோது நான்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அண்ணனிடம் எதுவும் பேசவில்லை. என்னைப் பார்த்து, “பொண்டாட்டி புள்ளைக்குச் சொல்லி அனுப்பிட்டீங்களா?” என்று கேட்டார். கட்டிலில் கிடந்த அண்ணனுக்கும் அது கேட்டது. அன்றைக்கு விட்டதுதான். அப்போது தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. அண்ணனுக்கு நாற்பத்துநான்கு வயது.

விட்டுவிட்டார் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். கை நடுங்கும். சோற்றைப் பிசைய முடியாது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரமானால் வீட்டுக்குள் உட்கார முடியாது. நடக்கப் போகிறேன் என்று கிளம்புவார். தெரு முனை தாண்டுவதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். முகம் வெளிறித் திரும்பி வருவார். ஒருநாள் திரும்பி வரவில்லை. நான் கடையைப் பூட்டாமலே தேடிக்கொண்டு போனேன். பாலத்தடியில் ஒரு மனுஷர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். கிட்டே போனால் அண்ணன்.

“என்னண்ணே, எவனும் விரட்டுதானா?” என்றேன்.

“இல்லலே. நடந்தா கூப்பிடுதானுவ. ஓடுனா, என்னமோ ஏதோன்னு விலகிருதானுவ. பாத்துக்கிட்டே வாரேன், ஒருத்தனும் கூப்பிடல.”

அண்ணன் ஓட ஆரம்பித்தது இப்படித்தான். உடம்புக்கு நல்லது என்று யாரும் சொல்லி அவர் ஓடவில்லை.

திருநெல்வேலியில் அந்தக் காலத்தில் பெரிய ஆள் ஒருவர் காரணமில்லாமல் ரோட்டில் ஓடுவதை யாரும் பார்த்ததில்லை. கலவரப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் வேறு. அண்ணன் ஓடி வருவதைப் பார்த்து வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி ஷட்டரை இறக்கினார். அவர் இறக்கியதைப் பார்த்துப் பக்கத்துக் கடையும் இறக்கியது. அதைப் பார்த்து எதிர்வரிசையும் இறக்கியது. மறுநாள் அந்த அண்ணாச்சி என் கடைக்கே வந்துவிட்டார். “தம்பி, உங்க அண்ணன் தாராளமா ஓடட்டும். கிளம்புததுக்கு முன்ன ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடச் சொல்லும்வே. எனக்கு ஒருநாள் யாவாரம் போச்சு” என்றார். அதற்கப்புறம்தான் அண்ணன் விடியற்காலைக்கு மாறினார்.

எனக்கு இரண்டு பயம். ஓடுகிற வழியில் நெஞ்சு அடைத்து விழுந்துவிடுவாரோ என்று ஒன்று. ஓடுகிற சாக்கில் கடைக்குள் நுழைந்துவிடுவாரோ என்று இன்னொன்று. அதனால் வாடகை சைக்கிள் எடுத்து, குளுக்கோஸ் கரைத்த பாட்டிலோடு பின்னாலேயே போவேன். “லே, நீ வந்தா எனக்கு மூச்சு வாங்குது. ஒன்னப் பாத்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருது” என்று சத்தம் போடுவார். நான் கொஞ்சம் பின்தங்கி வருவேன். மாதங்கள் போகப் போக டவுன் வரை, பேட்டை வரை, சுத்தமல்லி விலக்கு வரை என்று அண்ணன் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கால் நகம் கறுத்து விழுந்தது. கேன்வாஸ் ஷூ கிழியும், நான் மிஷினில் போட்டுத் தைத்துக் கொடுப்பேன். மிஷின் ஊசி உடையும்.

மதினியைப் பார்க்கப் போகவேண்டும் என்று ஒருநாள் சொன்னார். பஸ்ஸில் போகலாம் என்றேன். “பஸ்ஸுல போனா எங்கன போய் இறங்குவேன்? ஸ்டாண்டுலதானே. என்னைய எனக்குத் தெரியும்லே” என்றார். முன்பெல்லாம் மதினியைப் பார்க்கக் கிளம்பி அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வீட்டுக்குப் போய்ச் சேராத தடவைகள் உண்டு. போய்ச் சேர்ந்த தடவைகளை மாமனார் வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்க விரும்ப மாட்டார்கள்.

அதனால் ஓடியே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். அவர் ஓட, நான் சைக்கிளில். ஓடுவார், முடியாதபோது நடப்பார், மறுபடி ஓடுவார். பத்தமடை தாண்டியதும் அவர் வேலை பார்த்த அதே வண்டி பின்னால் வந்து ஓரமாக நின்றது. பழைய டிரைவர் அண்ணாச்சி தலையை நீட்டினார்.

“என்னவே, வண்டிய விட்டுட்டீரா? ஏறும்.”

“இல்ல அண்ணாச்சி, நீங்க போங்க.”

“டிக்கெட் வேண்டாம்வே. சும்மா ஏறும். பாக்கவே சங்கடமா இருக்கு.”

உள்ளே இருந்த சனமெல்லாம் சன்னலில் எட்டிப் பார்த்தது. ஒரு அம்மாள், “பாவம், காசு இல்ல போலுக்கே” என்று தன் கையிலிருந்து ஒரு ரூபாயை நீட்டினார். அண்ணன் கும்பிட்டுவிட்டு ஓடினார். டிரைவர் அண்ணாச்சி கொஞ்ச தூரம் வண்டியைப் பைய உருட்டிக்கொண்டே கூட வந்தார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து வைத பிறகுதான் போனார்.

கல்லிடைக்குறிச்சி பாலத்தில் ஆற்றுக்காற்று பட்டதும் அண்ணனுக்குக் கால் பின்னியது. திரும்பிவிடலாமா என்று நான் கேட்டேன். கேட்டது காதில் விழாதவர்போல் நடந்தார். மதினி வீட்டு முற்றத்தில் போய் நின்றபோது சட்டை முழுக்க உப்புப் பூத்திருந்தது. மதினி வாசலுக்கு வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். பழக்கத்தில் மூக்கைத் தூக்கி மோந்தும் பார்த்தார். வியர்வை நாற்றம் தவிர வேறில்லை.

“பஸ்ஸு ஓடலியா?” என்றார் மதினி.

“ஓடுது. நான்தான் ஏறல.”

மதினி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான். கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. மதினியின் அப்பா மட்டும், “மருமவன் ஓடி வந்தா ஊருல என்ன நெனைப்பானுவ? அடுத்த தடவ தெருமுக்குல இருந்தாவது நடந்து வரச் சொல்லு” என்றார். அடுத்த தடவை என்று அவர் வாயிலிருந்து வந்ததே அண்ணனுக்குப் போதுமானதாக இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு ஓடிப் போவார். தெருமுனையில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்து போவார். திரும்பும்போது ஸ்டாண்டுக்குப் போகாமல் வழியிலேயே பஸ்ஸை நிறுத்தி, சைக்கிளை மேலே போட்டு, நான் துணைக்கு இருந்து ஏற்றிக் கூட்டிவருவேன். அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. பிறகு ஒருநாள் மதினி பெட்டியோடும் மகளோடும் வண்ணார்பேட்டையில் வந்து இறங்கினார்.

அண்ணன் பார்சல் ஆபீஸில் சரக்கு இறக்குகிற இடத்தில் மேஸ்திரியாகச் சேர்ந்தார். பழைய முதலாளி திரும்பக் கூப்பிட்டபோது, “விசில் இனிமே வேண்டாம் முதலாளி” என்று சொல்லிவிட்டார். மணிக்கட்டு முறிந்த அந்த அம்மாளை வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளிக்குச் சேலையோடு போய்ப் பார்ப்பார். மகளைப் படிக்கவைத்தார். அவள் இப்போது ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறாள். ஓட்டத்தை அவர் விடவில்லை. பரிசு, கோப்பை என்று எதுவும் கிடையாது. ஒரு ஓட்டப் பந்தயத்துக்குப் போனார். அங்கே நின்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று நினைத்து ஓரமாகப் போகச் சொன்னார்கள். ஓடி முடித்துக் கடைசி ஆளாக வந்தார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்களாம்.

குடியை விட்டதிலிருந்து இப்படி ஏழு வருஷம். பிறகு வயிறு வீங்கியது, கண் மஞ்சளித்தது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “இது அப்பவே கெட்டுப்போனது. நிறுத்தினதாலதான் இத்தனை வருஷம் தாங்கியிருக்கு” என்றார். இதை அவர் என்னையும் மதினியையும் முன்னால் வைத்துச் சொன்னார். ஓடியதால் செத்தார் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் டாக்டரிடம் கேட்டோம். ஓட்டத்தால் இல்லை என்றும் அவரே சொன்னார்.

கடைசி நாட்களில் பார்க்க வந்தவர்கள் படுக்கைக்குப் பக்கத்தில் ரொம்பவும் குனிந்து பேசினார்கள். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “லே, எல்லாரும் பாசத்துல குனியுதானுவன்னு நெனைக்கியா? மோந்து பாக்கானுவ. நல்லா மோந்துக்கிடட்டும்” என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் நீளமாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

பதினாறாம் நாள் படையல் போட்டோம். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது நம் வழக்கம். எங்கள் அத்தை மகன் பம்பாயிலிருந்து வந்திருந்தார். அண்ணனுக்கு மச்சான், இளவயதுச் சிநேகிதர். வேலைக்காகப் போனவர், பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை. சூடம் ஏற்றப் போகிற நேரத்தில் அத்தான் தன் பையைத் திறந்து, ஒரு பிராந்தி பாட்டிலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். “மச்சானுக்குப் புடிச்ச சரக்கு. எங்கெங்கயோ தேடி வாங்கிட்டு வந்தேன் மாப்ளே” என்று என்னைப் பார்த்துக் கண் கலங்கினார்.

முற்றம் நிறைய சனம். வாசலில் செருப்பு மாட்டும்போது பேசியவர்களும் அங்கே இருந்தார்கள். “இருக்கட்டும், புடிச்சதுதானே” என்று ஒரு குரல் வந்தது. எடுத்தால் அத்தான் மனம் புண்படும், விட்டால் அண்ணன் பெயர் போகும். சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் மகள்தான் முன்னால் வந்தாள்.

“மாமா, அப்பா இதுகிட்ட இருந்து தப்பிக்கத்தான் அம்புட்டு தூரம் ஓடினாவ. இப்ப இலையப் போட்டுக் கூப்பிட்டு இதைக் குடுக்கணுமா?”

அத்தானுக்கு முகம் செத்துப்போயிற்று. “எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா எனக்கு யாரும் சொல்லல” என்று தலையில் அடித்துக்கொண்டார். நாலைந்து பேர் அவரைக் குறைசொல்லத் தொடங்கினார்கள். அதுவரை, அந்தப் பதினாறு நாளும் வாய் திறக்காத மதினி எழுந்து வந்து பாட்டிலை எடுத்து அத்தான் பையிலேயே திரும்ப வைத்தார்.

“பம்பாய் அண்ணன யாரும் ஒண்ணும் சொல்லாதிய. அவரு பழகுன ஆளுக்குத்தான் வாங்கிட்டு வந்திருக்காரு. அந்த ஆளு செத்து ஏழு வருஷம் ஆச்சு. இது வேற ஆளோட இலை” என்றார். பிறகு என்னிடம், “சூடத்தக் கொளுத்துங்க தம்பி” என்றார்.

எங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ரத்த வாந்தி எடுத்த அன்று காசு வாங்காமல் வந்த ஆட்டோக்காரருக்கு, கூப்பிட்டும் ஏறாதவருக்காகக் கடைசி வரைக்கும் வண்டியை நிறுத்திப் பார்த்த டிரைவர் அண்ணாச்சிக்கு, வேலை கொடுத்த பார்சல் ஆபீஸ்காரர்களுக்கு, தெருமுக்கு வரை ஓடிவர அனுமதித்த மதினியின் அப்பாவுக்கு, ஒருநாள் வியாபாரத்தை இழந்தும் கோபிக்காத பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விட்டிருப்பேன் என்றுதான் பயமாக இருக்கிறது.

பம்பாய் அத்தானுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் அதைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் வைத்திராவிட்டால் மதினி வாய் திறந்திருக்க மாட்டார். வாசல் பேச்சு வாசலிலேயே இருந்திருக்கும். இந்தத் திதிக்கும் அத்தான் வருகிறார். வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருந்துவிட வேண்டாம், வெறுங்கையோடு வந்தால் போதும் என்று மதினி அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.