மாப்பிள்ளை கேட்ட இரண்டரை அங்குலம்

சைலன்சர் பட்டறைக்காரருக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் வந்து நின்றதோ தங்கச்சி புருஷன். தன் கார் எஞ்சினை லேசாக டியூன் செய்திருந்தார். அதற்கு இரண்டரை அங்குல சைலன்சர் குழாய் வேண்டுமாம்.

“மாப்ளே, எஞ்சின்லேர்ந்து புகை வெளிய வர்ற மேனிஃபோல்டை நல்லதா மாத்துவோம். குழாய் ஒண்ணேமுக்காலே போதும். ரொம்ப அகலமா போட்டா புகை சோம்பிப் போயிடும், மேட்டுல வண்டி இழுக்காது.”

“சத்தமே வராதே மச்சான்!”

பட்டறைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். மேனிஃபோல்டைத் தன் இஷ்டப்படியும் குழாயை மாப்பிள்ளை இஷ்டப்படியும் மாட்டிக் கொடுத்தார். தெருவே அதிர வண்டி கிளம்பியது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. வண்டிதான் உறுமியது, மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி இறங்கினார். தங்கச்சி இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள்.

“மேட்டுல தண்ணி லாரி எங்களை முந்திடுச்சு அண்ணே. இதுல ஊருக்கே கேக்குற சத்தம் வேற!”

பட்டறைக்காரர் வண்டிக்கடியில் படுத்து, குழாயைப் பிடித்திருந்த கிளாம்புகளின் நான்கு நட்டுகளைக் கழற்றினார். குழாய் கையோடு வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து, அந்த வண்டிக்கென்றே வளைத்து வைத்திருந்த ஒண்ணேமுக்கால் அங்குலக் குழாயை எடுத்தார்.

“வெல்டு வைக்கலையா மச்சான்?”

“எல்லா வண்டிக்கும் வைப்பேன் மாப்ளே. திரும்பி வரும்னு தெரிஞ்ச வண்டிக்கு மட்டும் கிளாம்ப்.”