பியானோவில் இல்லாத பட்டன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய சர்ச்சுக்குள், அதைவிடப் பழைய பியானோவின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எதிரே செல்போனைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். அந்த போனில், வீடியோ காலில், ஒரு இசைக் கல்லூரியின் தேர்வாளர்கள் மூன்று பேர் வரப்போகிறார்கள்.

எங்கள் ஊர் ராஜபாளையம். அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பிளஸ் டூ முடித்ததும், படித்தால் பியானோதான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "இந்த ஒரு வருசம் முயற்சி பண்ணிப் பாரு. கெடைக்கலன்னா வாயத் தொறக்காம பி.காம் சேந்துரணும்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். இரண்டு கல்லூரிகளுக்கு வீடியோ அனுப்பினேன். நான் வாசித்தது கீபோர்டில், அவர்களுக்கு வேண்டியது பியானோ என்று இரண்டு இடத்திலும் தள்ளிவிட்டார்கள். மிச்சமிருந்தது இந்த ஒரே கல்லூரி. தூரத்து ஊர்க்காரர்கள் வீடியோ காலில் வாசித்துக் காட்டலாம், ஆனால் கண்டிப்பாக நிஜப் பியானோவாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

நிஜப் பியானோவுக்கு நான் எங்கே போவேன்? அங்கே இங்கே விசாரித்ததில், ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் ஒன்று துணி போர்த்திக் கிடப்பதாகத் தெரிந்தது. கேட்டதும் பாஸ்டர் சம்மதித்தார். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போய்ப் பழகினேன். கீபோர்டில் லேசாகத் தொட்டாலே போதும். இதிலோ சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி அழுத்த வேண்டியிருந்தது. விரல் நுனியெல்லாம் வலிக்க வலிக்க, கல்லூரி கேட்டிருந்த பாடங்களை எப்படியோ தேற்றிவிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் சர்ச்சில் பாட்டை எடுத்துக் கொடுப்பது அம்மாதான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை. எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பாள் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற பலரும் செய்வதைத்தான் நானும் செய்துவந்தேன். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கிவிட்டால், விரல்கள் பழகிய வெள்ளைக் கட்டைகளிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் மட்டும் பாடுகிறவருடைய சுருதிக்கு ஏறும், இறங்கும். அம்மா முதல் வார்த்தையை எடுத்ததுமே என் இடது கை பட்டனுக்குப் போய்விடும். "எம்புட்டு ஒசரத்துல எடுத்தாலும் எம் மக வந்து புடிச்சிருவா" என்று அம்மாவுக்குப் பெருமை வேறு.

அன்று சொன்ன நேரத்துக்கு அழைப்பு வரவில்லை. சாயங்காலம் அங்கே ஒரு கல்யாணம் என்பதால், ஏணியும் பூக்கூடையுமாக அலங்காரக்காரர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். ஒருவர் ஏணியைத் தரையில் இழுக்க, அந்தக் கிறீச் சத்தத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா ஓடிப்போய், "அண்ணாச்சி, பிள்ளைக்குப் பரிச்சை. செத்த நேரம் பொறுத்துக்கோங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர்கள் ஏணியை அப்படியே வைத்துவிட்டுப் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"நான் மூச்சுகூட விட மாட்டேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, அம்மா போனை என் கைகளுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

பழகியிருந்த பாடங்களைத் தவறில்லாமல் வாசித்து முடித்தேன். போனில் தெரிந்த மூன்று பேரில் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையார் சிரித்த முகமாக, "சர்ச்ல வாசிப்பேன்னு எழுதியிருக்கீங்களே. அதுல ஒரு பாட்டு வாசிங்க பார்ப்போம்" என்றார். அப்பாடா என்றிருந்தது. அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனை ஒன்றை, வழக்கம்போல வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்தேன். "நல்லா இருக்கு. இப்ப இதையே ஈ பிளாட்ல வாசிங்க" என்றார். அதாவது, பாட்டை வேறு சுருதிக்கு ஏற்ற வேண்டும்.

என் இடது கை தன்பாட்டுக்கு மேலே போனது. பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மரப்பலகைதான் தட்டுப்பட்டது.

"என்னம்மா தேடுறீங்க?" என்றார் அந்த அம்மையாருக்குப் பக்கத்திலிருந்த தேர்வாளர்.

"பட்டன் சார்" என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அவர் சத்தமாகவே சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

முயன்று பார்த்தேன். கறுப்புக் கட்டையும் வெள்ளைக் கட்டையும் கலந்து வர, விரல்களுக்கு வழியே தெரியவில்லை. முதல் வரியே கோணல்மாணலாக வந்தது. நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடியும் தப்பு. இத்தனை சனிக்கிழமையும் வீணாகிவிட்டது, திங்கட்கிழமை போய் பி.காம் விண்ணப்பம் வாங்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்தால், போனுக்கு மேலாக அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தப்பு நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. ஏதோ கெட்டுப்போனது என்று மட்டும் புரிந்திருந்தது.

அவள் முகத்தைப் பார்த்ததும்தான் சட்டென்று உறைத்தது. மற்றப் பாட்டுகள் எப்படியோ, இதை மட்டும் அம்மா மாறாமல் ஒரே சுருதியில் எடுப்பாள்; இதற்கு நான் பட்டனில் வைப்பது எப்போதும் பிளஸ் மூன்று, வெள்ளைக் கட்டைச் சுருதியிலிருந்து மூன்று படி மேலே. அப்படியென்றால் இவர்கள் கேட்கிற ஈ பிளாட், அம்மா ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற அதே சுருதி! சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு என் காதுக்கு அது மனப்பாடம். விரலுக்குத்தான் தெரியாது.

"மேடம், எங்க அம்மா பாடலாமா? அவங்க பாடினா நான் பிடிச்சிருவேன்" என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி, பாடச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மையார்.

அம்மா மிரண்டுபோனாள். "ஏட்டி, நானா?" என்றாள். எனக்கோ வேறு பயம். பதற்றத்தில் அவள் சுருதி மாறிவிட்டால் தொலைந்தது. அவள் கண்ணை மூடினாள். பிறகு எடுத்தாள், அதே உச்சத்தில், அதே இடத்தில்.

இடது கையால் ஒற்றை ஒற்றைக் கட்டையாகத் தொட்டு அவள் பின்னாலேயே போனேன். இரண்டு இடத்தில் தவறினேன். சர்ச்சில் போலவே அவள் எனக்காக நிற்கவில்லை. இரண்டாம் சரணத்தில் வலது கையும் சேர்ந்துகொண்டது. கடைசிப் பல்லவியில் நான் விரல்களைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும், "நன்றி, சொல்லி அனுப்புறோம்" என்று மட்டும் சொல்லி இணைப்பைத் துண்டித்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ராஜபாளையம் நெருங்கும்போது, "நான் பாடுனதுனால கெட்டுப் போச்சோ?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றேன். ஆனால் எனக்கே நிச்சயமில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மையாரே போனில் பேசினார். இடம் கிடைத்துவிட்டது. "ஆனா பட்டன் இருக்கிற எதையும் முதல் வருஷம் நீங்க தொடக்கூடாது" என்றார் சிரித்துக்கொண்டே. தறிக்கூடத்துக்கு ஓடினேன். "கெடச்சிருச்சும்மா!" என்று கத்தியது தறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கையைக் காற்றில் வைத்துப் பியானோ வாசிப்பதுபோல ஆட்டிக் காட்டினேன். அவள் அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் ஒரு துண்டு பேண்டேஜ் துணியைப் பசை போட்டு, எங்கள் கீபோர்டின் அந்தப் பட்டன்மேல் அம்மாவே ஒட்டினாள். இப்போதும் விடுமுறைக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதில்தான் வாசிக்கிறேன். அம்மாவும் இன்னும் தோன்றிய சுருதியில்தான் எடுக்கிறாள். அவளுடைய சுருதியைச் சமாளிக்கத்தான் பட்டன் என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன். கைவிரித்து உட்கார்ந்திருந்த நேரத்தில் அந்தச் சுருதிதான் என்னைக் கரைசேர்த்தது என்று நினைக்கும்போதெல்லாம், அவள் முதல் வார்த்தையை எடுப்பதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.