பொருந்திவிட்ட ஒயர்கள்

கடைத்தெருவில் அவரை ஒயர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டித் தருவது அவர் தொழில். வாய் ஓயாமல் பேசுவதோ ஒயர்களைப் பற்றி. கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையை மாற்ற வருகிறவர்களிடம் பழைய ஒயர்களையும் தூக்கிப் போடச் சொல்வார்.

"டிஸ்க்ல மாட்டுற முனை எல்லாத்துலயும் ஒண்ணுதான். பவர் சப்ளைல சொருகுற முனைதான் கம்பெனிக்குக் கம்பெனி வேற. ஆனா மாத்திச் சொருகினாலும் உள்ள போயிடும், டிஸ்க் கருகிடும், அதான் வம்பு. வெளியில பார்த்தா நல்ல ஜோடி, உள்ளுக்குள்ள ஏழாம் பொருத்தம்" என்பார். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அவர் மனைவி சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தவள். நோய் முற்றி வேலையை விட்டதும், அவர் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரின் முன்னால் மைக்கை வைத்துக்கொண்டு கதை சொல்லிப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். மகளுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. என்றாவது பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குத்தான் அத்தனை கதையும். தான் பார்க்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். பெட்டிக்குள் தொங்கிய ஒயர்களை அவளேதான் பின்னல் நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிவைத்தாள். பிளாஸ்டிக் பட்டை கையைக் கிழிக்கிறதாம்.

அவள் போன பிறகு அந்தக் கம்ப்யூட்டரை அவர் திறக்கவேயில்லை. தூர தேசத்தில் இருந்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவின் கதைகளை அனுப்பச் சொல்லி அவள் கேட்டபோதுதான் மூடியிருந்த துணியை எடுத்தார். உயிர் வரவில்லை. பவர் சப்ளை செத்திருந்தது.

கடையிலிருந்து புதிதாக ஒன்று கொண்டுவந்தார். வேறு கம்பெனி. பழைய ஒயர்களைக் கழற்ற வேண்டுமானால் முடிச்சுகளை அறுக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தவர் வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, பழைய ஒயர்களையே புதிய பவர் சப்ளையில் சொருகினார். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. இந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஒரே மாதிரிதான் செய்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். கருகல் வாடை வந்தது.

கதைகள் இருந்த டிஸ்க்கும் அதன் நகல் இருந்த டிஸ்க்கும் ஒரே ஒயரில்தான் இருந்தன. இரண்டுமே கருகிவிட்டன. தகவல் மீட்கிற நண்பர் இரண்டையும் வாங்கிப் போய்த் தன்னால் ஆன மட்டும் பார்த்தார். கடைசியில் கையை விரித்துவிட்டார்.

போனில் மகளிடம் சொல்லி முடித்தபோது அவள் அழவில்லை.

"வேற யாரோடதாவதா இருந்தா பார்த்து செஞ்சிருப்பீங்கல்லப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் போன் பண்ணுவது குறைந்துபோயிற்று.

குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகுதான் மகள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் அறையில் திறந்தபடியே கிடந்த அந்தப் பெட்டியைப் பார்த்து நின்றவளிடம், "உங்கம்மா கட்டினது. அறுக்க மனசு வரலம்மா" என்றார். அவள் குனிந்து ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

குழந்தை தூக்கத்துக்குச் சிணுங்கியது. மகள் அதை மடியில் போட்டுக்கொண்டு, சிறுவயதில் தான் அம்மாவிடம் கேட்ட கதை ஒன்றை ஆரம்பித்தாள். ஆற்றைக் கடக்க முடியாத ஆமையின் கதை. பாதிக்கு மேல் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"அப்புறம் என்னப்பா வரும்?"

அவர் யோசித்தார். மனைவி இந்தக் கதையைப் பதிவு செய்யும்போது பக்கத்திலேயே இருந்து கேட்டவர்தான்.

"தெரியலம்மா. அந்த இடத்துல அவளுக்கு இருமல் வந்துச்சு. தண்ணி எடுத்துட்டு வர எழுந்து போயிட்டேன்."

மகள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு மனதில் தோன்றியதைச் சொல்லி ஆமையை அக்கரை சேர்த்தாள். குழந்தை அதற்குள் தூங்கியிருந்தது.