தேவையில்லாதவற்றை நீக்கிய சனிக்கிழமை

அந்த வருடம் மழை ஒழுங்காகப் பிடிக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. அபிராமபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் நான் தனியாக இருந்தேன். என் மனைவி திருச்சியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டால், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வேன். மாமியார் கல்லுக்குண்டு மாதிரி நன்றாகவே இருந்தார். பொய்யும் மூன்று மாதத்தில் பழகிவிடுகிறது. கடைசியில் அவருக்கு மூட்டுவலி என்றுகூட விவரமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. பெரிய சண்டை என்றும் எதுவும் நடக்கவில்லை. கிளம்புகிற அன்று புடவைகளை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: நான் பேசினால் நீங்கள் பதில் சொல்வதில்லை, பேசாமல் இருந்தால் ஏன் என்று கேட்பதில்லை, இந்தக் கம்ப்யூட்டரில் நிம்மதியாக வேலை செய்யக்கூட விடுவதில்லை. குரலை உயர்த்தவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது; வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டேன். முதல் இரண்டுக்கும் என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது ரிப்பேர் செய்யக்கூடியது. மெஷினைச் சரிசெய்து வைத்தால் அவள் வருவாள் என்று ஏதோ ஒரு மூலையில் நம்பினேன். ஒரு கம்ப்யூட்டருக்காக யாரும் வீட்டை விட்டுப் போகமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். இருந்தும் நம்பினேன்.

அது அவளுக்காக வாங்கிய கம்ப்யூட்டர். மந்தைவெளியில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் டி.டி.பி. படித்துவிட்டு, சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர்களுக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுத்தாள். வெள்ளைத் தாளில் நீல மையில் எழுதிக்கொண்டு வருவார்கள். இவள் தமிழில் அடித்து, கோடிட்ட இடங்களுக்குக் கோடு போட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். நான்கு வருடம் அந்த வேலை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மெஷின் என் கைக்கு வரும். மாதா மாதம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குவேன், அதோடு ஒரு சி.டி. இலவசமாக வரும். சி.டி.யில் நூறு புரோகிராம் இருந்தால் நூறையும் ஏற்றிப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. திரை முழுக்க நீந்தும் மீன்கள், மவுஸின் அம்புக்குறியைத் துரத்திக்கொண்டு ஓடும் ஒரு பூனை, பிறந்த தேதியைக் கொடுத்தால் ராசிபலன் சொல்வது, மணிக்கு ஒருமுறை குயில் கூவும் கடிகாரம். பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் ஆயிரம் எழுத்துருக்கள் கொண்ட சி.டி. ஒன்று கிடைத்தது. அதையும் விடவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பூனையை ஓடவிட்டுக் காட்டுவேன். மெஷின் மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு அவள் போய் குக்கர் வைப்பாள். மூன்றாவது விசில் அடங்கி வந்து உட்காரும்போதும் திரையில் காத்திருக்கச் சொல்லும் மணல்கடிகாரம் சுற்றிக்கொண்டிருக்கும். "இதையெல்லாம் கொஞ்சம் எடுத்துடுங்களேன்" என்று எத்தனை முறை சொன்னாளோ. பார்க்கலாம், பார்க்கலாம் என்றேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டீச்சர் ஒருவர் வந்தார். குடையை வாசலிலேயே மடித்து வைத்துவிட்டு, உள்ளே வராமல் நின்றார். நாலு வருடமாக என் மனைவியிடம் வேலை கொடுத்தவர், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. அரையாண்டுத் தேர்வு வருகிறது, பழைய கேள்வித்தாள்கள் எல்லாம் வேண்டும் என்றார்.

"அவ ஊர்லேருந்து வந்ததும் எடுத்துக் கொடுப்பா டீச்சர். அவ அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு முடியல."

டீச்சர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "இல்ல சார், நீங்களே ஃப்ளாப்பியில போட்டுக் கொடுத்துட்டீங்கன்னா போதும். நாங்க எழுதிக் கொடுத்த தாளெல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயிடுச்சு. எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு."

திங்கட்கிழமை வரச்சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு மெஷின் மேலிருந்த உறையை எடுத்தேன். பழைய சுங்குடிப் புடவையில் அவள் தைத்த உறை. மூன்று மாதத் தூசு என் உள்ளங்கையில் ஒட்டியது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி கலந்து குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அப்போதுதான் மீன்கள் வந்து சேர்ந்தன. முதல்முறையாக அந்த மீன்களைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது.

மறுநாள் தேனாம்பேட்டையில் என் ஆபீஸில், மெஷின்களைப் பார்த்துக்கொள்பவரிடம் யோசனை கேட்டேன். சைதாப்பேட்டைக்காரர், என் வயதுதான் இருக்கும்.

"இன்னா சார், பொட்டி படுத்துக்கினு கீதா?" என்று சிரித்தார். "ஃபான்ட் எத்தினி ஏத்தி வச்சிக்கிற? ஆயிரமா! அது ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்ட்டுப் பாத்துட்டுத்தான் சார் எய்ந்துக்கும். இங்கிலீசுக்கு நாலு வச்சிக்க. பேர் தெரியாதது எதுனா கீதுன்னா தூக்கிக் கடாசிடு."

பேர் தெரியாதது என்றால் தேவையில்லாதது. அந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உள்ளதைச் சொன்னால், அதற்கு வெகு காலம் முன்பிருந்தே நான் அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஆபீஸ் இல்லை. குளித்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். பூனையை முதலில் எடுத்தேன். நிச்சயமாகவா என்று மெஷின் கேட்டது, நிச்சயமாகத்தான் என்றேன். மீன்கள், குயில், ராசிபலன் எல்லாம் வரிசையாகப் போயின. ராசிபலன் போவதற்குள் இரண்டு முறை மெஷின் உறைந்து நின்றது. மறுபடி அணைத்துப் போட்டு, மறுபடி விரட்டினேன். ஒவ்வொன்றும் போகும்போது ஏதோ பிராயச்சித்தம் செய்கிற மாதிரி ஒரு நிம்மதி. பிறகு எழுத்துருக்கள் இருக்கும் இடத்தைத் திறந்தேன். வாயில் நுழையாத பெயர்களாக ஆயிரம் வந்து நின்றன. தெரிந்த நாலைந்தைத் தவிர, மற்றதையெல்லாம் மொத்தமாகப் பிடித்து அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியையும் திறந்து காலிசெய்தேன். அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

அதன் பிறகு டிஸ்கை ஒழுங்குபடுத்தும் வேலையை ஓடவிட்டேன். திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து, இடைவெளிகளை அடைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. மத்தியானம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை வந்து நின்றது. வீட்டில் வேறு எதுவும் அசையவில்லை. யாராவது ஒரு வார்த்தை பேசினால் தேவலை என்று இருந்தது. கீழ்வீட்டில் தட்டு விழுந்த சத்தம்கூட ஆறுதலாக இருந்தது.

நாலு மணிக்கு மெஷினை அணைத்து மறுபடியும் போட்டேன். மணல்கடிகாரம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவ்வளவுதான், திரை வந்துவிட்டது! எனக்கு நம்பவே முடியவில்லை. "இங்க வந்து பாரேன்" என்று சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சட்டென்று எழுந்து, எதற்கென்று தெரியாமல் சமையலறைவரை போனேன். காலையில் சாப்பிட்ட தட்டு தொட்டியில் கிடந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அன்று அழுதேன் என்று சொன்னால் பொய். ஆனால் மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் வீடு இத்தனை பெரியதாகத் தெரிந்தது.

டீச்சருக்கான வேலையாவது முடியட்டும் என்று கேள்வித்தாள் ஒன்றைத் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகள், தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த வெளிநாட்டு எழுத்துகள், நடுநடுவே டாலர் குறிகள். இன்னொன்றைத் திறந்தேன், அதுவும் அப்படித்தான். நாற்பது, ஐம்பது திறந்திருப்பேன். கோடிட்ட இடங்களில் அவள் போட்ட கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் தமிழ் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துகள் மேல் தமிழ் முகமூடி போட்டு ஆளுக்கொரு எழுத்துரு செய்திருந்தார்கள்; எதில் அடித்தோமோ அது இருந்தால்தான் படிக்க முடியும். அவள் நாலு வருடமாக அடித்த எழுத்துருவை நான்தான் அன்று மத்தியானம் பேர் தெரியாத கூட்டத்தோடு சேர்த்து அழித்திருந்தேன். அது என்னவென்று யாரிடமாவது கேட்கலாம் என்றால், அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் அடிக்கும்போது ஒருநாளாவது பக்கத்தில் போய் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சிக்குப் போன் செய்தேன். மூன்று மாதத்தில் அதுதான் முதல் போன். அவள் அண்ணி எடுத்து, என் குரலைக் கேட்டதும் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கூப்பிடப் போனார். டி.வி.யும் குழந்தைகள் சத்தமும் கேட்டன. அந்த வீடு கலகலப்பாக இருந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

"டீச்சர் வந்திருந்தாங்க. பழைய கேள்வித்தாளெல்லாம் கேட்டாங்க. திறந்தா எல்லாம் கன்னாபின்னான்னு வருது."

"ஃபான்ட்டை எடுத்துட்டீங்களா?"

நான் எதையும் எடுத்ததாகச் சொல்லவே இல்லை. "ஆமா. பேரு தெரியல."

"நாலு வருஷமா அதுலதான் அடிச்சேன்." குரலில் குறை எதுவும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அலமாரி கீழ்த்தட்டுல பிஸ்கட் டப்பா இருக்கு. அதுல நீல ஃப்ளாப்பி. அதைப் போட்டு ஏத்திட்டு, மெஷினை அணைச்சுப் போடுங்க. தமிழ் வந்துடும். வந்ததும் எல்லாத்தையும் காப்பி எடுத்து, அந்த நீல ஃப்ளாப்பியையும் சேர்த்து டீச்சர்கிட்ட கொடுத்துடுங்க."

"அதையும் கொடுத்துட்டா, மறுபடி எப்பவாவது அழிஞ்சா நீ எதை வச்சு அடிப்ப?"



"மந்தைவெளியில என்னோட படிச்சவ ஒருத்தி இருக்கா. இனிமே அவ பாத்துப்பா. டீச்சருக்குப் போன மாசமே லெட்டர் போட்டுட்டேன்."

என் வாசலில் நின்று என் பொய்யைக் கேட்டுக்கொண்ட அந்த டீச்சருக்கு எனக்கு முன்பே எல்லாம் தெரிந்திருக்கிறது. காது சுட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை. "மெஷின் இப்ப ரொம்ப வேகம் தெரியுமா? மீன், பூனை எல்லாத்தையும் எடுத்துட்டேன். போட்ட உடனே வந்துடுது."

"அப்படியா? நல்லது."

அவள் போனை வைக்கவில்லை. குழந்தைகள் அந்தப் பக்கம் எதற்கோ சிரித்தார்கள். பிறகு கேட்டாள், மெதுவாக: "ஃபான்ட்டுக்காகத்தான் போன் பண்ணீங்களா?"

இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். வா என்றுகூடச் சொல்ல வேண்டாம். அவள் அதற்காகத்தான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும், என்னைப் பார்த்து ஒரு கேள்வி வந்துவிட்ட எரிச்சலில், "ஆமா" என்றேன்.

"சரி, வச்சிடறேன்" என்றாள்.